எர்லிந்தா அணைக்காத விளக்கு

எர்லிந்தா கொயோயிடம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். மச்சான் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று சொல்லலாம், எலி கடித்துவிட்டது என்று சொல்லலாம், நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது என்று துணிந்து பொய்யும் சொல்லலாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். "விளக்க மட்டும் அணைச்சுக் குடுங்க, போதும்" என்பதை மட்டும் சொல்லக் கூடாது. சொன்னவன் தொலைந்தான். பக்கத்துக் கடையில் கோழி பொரிக்கிற பெண் கரண்டியோடு வெளியே வந்து வேடிக்கை பார்க்கும் அளவுக்குக் கச்சேரி நடக்கும்.

ஷேலா நகரத்திலிருந்து சான் மார்க்கோஸுக்குப் போகும் மலைச் சாலையில், டயர் கடைக்கும் அந்தக் கோழிக் கடைக்கும் நடுவில், இரண்டு வண்டி நிற்கக்கூடிய தகரக் கொட்டகை அவளுடையது. சுவரில் அவளே நீல பெயின்டால் எழுதி வைத்திருந்தாள்: 'இங்கே விளக்கை அணைப்பதில்லை. பழுதைத்தான் பார்ப்போம்.' எழுத்து கோணலாக இருக்கும். கோபத்தில் எழுதியது, அப்படித்தான் இருக்கும்.

வயது ஐம்பத்தொன்று. அப்பா செருப்புத் தைத்தவர். அவரிடமிருந்து அவளுக்கு இரண்டு சொத்துகள் வந்தன: மூக்கு நுனியில் கோபம், மெழுகு பூசிய பச்சை நூல். எந்த ஒயரை ஒட்டினாலும், ஈயம் ஆறியதும் அந்த நூலால் இறுக்கிச் சுற்றி இரட்டை முடிச்சுப் போடுவாள். அதன் மேல்தான் டேப். மழைக்கும் வெயிலுக்கும் டேப் வாயைப் பிளந்துவிடும், நூல் பிளக்காது. மற்ற எலக்ட்ரீஷியன்கள், "மேஸ்திரி வண்டிக்குச் செருப்புத் தைக்கிறா" என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் எங்கோ ஒரு வண்டியைப் பிரிக்கும்போது பச்சை நூலைப் பார்த்துவிட்டால், அந்த இடத்தில் கை வைக்காமல் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே பழுது இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும்.

தொழிற்பயிற்சி வகுப்பில் முப்பது ஆண்களுக்கு நடுவே இவள் ஒருத்திதான் பெண். முதல் நாள் வாத்தியார், யாருக்குச் சாப்பாடு கொண்டுவந்தாய் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவள் இன்னும் அவரை மன்னிக்கவில்லை, அவர் செத்தும் ஆறு வருடமாகிறது. படிப்பு முடிந்ததும் யாரும் வேலை தரவில்லை. கடைசியில் தந்தவர், பெரியவர் என்ற மரியாதையில் எல்லோரும் 'டோன்' போட்டு அழைக்கும் ஃபிதென்சியோ. அடிபட்ட வண்டி விற்கிற முற்றம் அவருடையது.

அந்த வண்டிகள் வடக்கே, அமெரிக்காவில் மோதி நசுங்கியவை. சரிசெய்வதற்கு ஆகும் செலவைவிட எறிந்துவிடுவது மேல் என்று அங்கே ஏலத்தில் தள்ளிவிடுவார்கள். ஒன்றின் வாலில் ஒன்றைக் கட்டி, மெக்சிகோ முழுக்கக் கடந்து, தெற்கே நம் நாட்டுக்கு இழுத்துக்கொண்டு வருவார்கள் நம்மவர்கள். இங்கே தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, கண்ணாடி போட்டு விற்பார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வண்டிகள் இல்லாவிட்டால் மலையில் பாதி ஊர் இன்றைக்கும் காய்கறியை முதுகில்தான் சுமந்துகொண்டிருக்கும். எர்லிந்தா எட்டு வருடம் அங்கே வேலை பார்த்தாள். விலகி வந்தபோது ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம், "அங்க விளக்க அணைக்கறதுதான் வேல, எனக்கு ஒத்துவரல" என்றாள். அந்தப் பதில் அவளுக்கே மிகவும் பிடித்திருந்தது. ஒன்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி அது மெருகேறியிருந்தது. வரும்போது தனக்கென்று அங்கிருந்தே ஒரு சிவப்பு பிக்கப்பையும் வாங்கி வந்தாள். அதுதான் எப்போதும் கொட்டகை வாசலில் நிற்கும்.

ஆகஸ்ட் மாதத்தில் மழை விட்டிருந்த ஒரு காலையில், டோன் தியோதுலோ ஷிகாரா தன் சாம்பல் நிற பிக்கப்பை அதன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டும் ஒரே மாடல், ஒரே வருடம். "அக்காவும் தங்கச்சியும் மாதிரி நிக்குதுங்க" என்று சிரித்தார். மலையிலிருக்கும் தன் ஊருக்கும் ஷேலாச் சந்தைக்கும் நடுவே இருபது வருடமாக ஆளேற்றுகிறவர் அவர். பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருபது பேர் நிற்பார்கள், காலடியில் காரட் மூட்டையும் கோழியும் இருக்கும்.

எர்லிந்தா கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். மீட்டருக்குப் பக்கத்தில் தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிய மாதா படம் ஒட்டியிருந்தது. சாவியைத் திருப்பியதும் மாதாவின் பின்னாலிருந்து சிவப்பு வெளிச்சம் கசிந்தது. ஏர்பேக் விளக்கு. மோதும்போது வெடித்து விரியும் காற்றுப் பையில் பழுது என்று சொல்வது.

"எட்டு நாளா எரியுது மேஸ்திரி. மறைச்சுப் பாத்தேன். மாதா படத்துக்கு ஒளிவட்டம் போட்ட மாதிரி ஆயிருச்சு. ஏறுறவங்க ரெண்டு பேரு அதப் பாத்துச் சிலுவை போட்டுக்கிட்டாங்க" என்றார்.

எர்லிந்தா சிரிக்கவில்லை. அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியும். வந்தது.

"விளக்க மட்டும் அணைச்சுக் குடுங்க, போதும்."

கோழிக் கடைப் பெண் வெளியே வந்தாள்.

மாதா படத்தை ஒட்டத் தெரிந்தவருக்குச் சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதா என்று எர்லிந்தா ஆரம்பித்தாள். காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை உடைப்பீர்களா, வீட்டில் நாய் குரைத்தால் திருடனைப் பார்ப்பீர்களா, நாயின் வாயைக் கட்டுவீர்களா என்று வரிசையாகக் கேட்டாள். டோன் தியோதுலோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு மெதுவாக விஷயத்தைச் சொன்னார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. கண் மங்கிவிட்டது. போன மாதம் பள்ளத்தின் ஓரத்தில் நின்றிருந்த ஒரு கழுதையை வளைவில் கடைசி நொடியில்தான் பார்த்தார். திங்கட்கிழமையிலிருந்து மகள் ஒத்திலியா வண்டியை ஓட்ட வேண்டும். இல்லையென்றால் வீட்டில் அடுப்பு எரியாது. மகள் சம்மதித்துவிட்டாள், ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். அந்தச் சிவப்பு விளக்கு எரிகிறவரை சாவியைத் தொட மாட்டாளாம்.

"அதான் மேஸ்திரி. அணைஞ்சுருச்சுன்னா ஏறிருவா."

"அப்போ பொண்ண ஏமாத்தறதுக்கு என்னக் கூட்டுச் சேக்கறீங்க" என்றாள் எர்லிந்தா.

 அவர் கெட்ட மனிதர் இல்லை. இருபது வருடத்தில் ஒருமுறைகூட மோதாதவர். மோதினால்தானே பை, மோதாதவனுக்கு எதற்கு என்பது அவர் கணக்கு. அந்த மலையில் ஓட்டுகிற எல்லோருடைய கணக்கும் அதுதான். எர்லிந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வருவதும் அதனால்தான்.

ஸ்கேனரைச் செருகினாள். ஓட்டுநர் பக்கத்துப் பைக்குப் போகும் வழி எங்கோ அறுந்திருக்கிறது என்றது. அது எங்கே என்பதை எந்த ஸ்கேனரும் சொல்லாது, ஆள்தான் தேட வேண்டும். இருக்கைக்கு அடியில் இருக்கும் மஞ்சள் இணைப்புகளைக் குனிந்து பார்த்தாள். இறுக்கமாக இருந்தன. நிமிரும்போதுதான் கியருக்குப் பக்கத்தில் திருகி வைத்திருந்த ஒரு வெள்ளைப் பொத்தானைப் பார்த்தாள். வீட்டு வாசலில் வைக்கிற அழைப்பு மணிப் பொத்தான்.

"இது என்ன, வீட்டுக்கு விருந்தாளி வர்றாங்களா?"

ஹாரன் என்றார் டோன் தியோதுலோ. வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்காமல் அந்த மலையில் ஒருவனும் இறங்க முடியாது. ஸ்டியரிங்கில் இருந்த ஹாரன் ஊமையாகிவிட்டதால் மைத்துனன் இந்தப் பொத்தானைப் போட்டுக் கொடுத்தானாம்.

"எப்போ ஊமையாச்சு?"

"அதுவும் எட்டு நாளாத்தான். ஆனா அதுதான் சரியாயிருச்சே, அதான் சொல்லல."

எர்லிந்தா ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். இரண்டு சாட்சிகள் ஒரே ஆளைக் காட்டிக் கொடுக்க வருகின்றன, இவர்கள் ஒன்றின் மேல் படத்தை ஒட்டி, இன்னொன்றுக்கு அழைப்பு மணி வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஸ்டியரிங்குக்கு அடியில் நாடா போலச் சுருண்டு கிடக்கும் ஒரு கேபிள் உண்டு. ஸ்டியரிங் சுற்றும்போது அதுவும் கூடவே சுருண்டு விரியும். ஹாரனும் பையும் அதன் வழியாகத்தான் போகின்றன. இத்தனை வருடம் மலை வளைவில் திரும்பித் திரும்பி அது அறுந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, பதினைந்து நிமிடம் யாரும் எதையும் பிரிக்கக் கூடாது என்று கட்டளையிட்டாள். பேட்டரியைக் கழற்றினாலும் உள்ளே கொஞ்சம் மின்சாரம் தேங்கி நிற்கும், அவசரப்பட்டுப் பிரித்தால் பை முகத்திலேயே வெடிக்கும். அந்த நேரத்தில்தான் ஒத்திலியா வந்து சேர்ந்தாள். இருபத்து நான்கு வயது, சந்தையிலிருந்து நேராக வந்திருந்தாள், கை முழுக்க வெங்காய வாசனை.

"அப்பா விளக்க அணைக்கச் சொல்லிட்டாரா?" என்று எர்லிந்தாவைப் பார்த்துக் கேட்டாள். அப்பா தொப்பிக்குள் எதையோ தேடினார்.

எர்லிந்தாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. நாடா அறுந்த கதையை விளக்கினாள். பிறகு காத்திருக்கும் நேரத்தில் ஸ்டியரிங்கின் நடு மூடியைத் தடவிப் பார்த்தவள் நின்றாள். மறுபடி தடவினாள். கட்டைவிரலுக்கு அடியில் மெல்லிய தழும்பு ஒன்று ஓடியது. கிழிந்த மூடியை ஒட்டி, பூசி, கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். முன்பு ஒருமுறை பை வெடித்த மூடி.

இனி அவளைப் பிடிக்க முடியவில்லை. உள்ளே பை இருக்காது என்றாள். பைக்குப் பதிலாக அரிசி மணி அளவு ஒரு ரெசிஸ்டரை வைத்து வண்டியின் மூளையை ஏமாற்றியிருப்பார்கள் என்றாள். பை இருக்கிறது என்று மூளை நினைக்கும், விளக்கும் அணைந்துபோகும், வாங்குகிறவனும் பல்லைக் காட்டிக்கொண்டு போவான். இது திருட்டைவிடக் கேவலம், திருடன் இருப்பதை எடுத்துக்கொண்டு போகிறான், இவன் இல்லாததை இருக்கிறது என்று சொல்லி உட்கார வைக்கிறான் என்றாள்.

"இதச் செஞ்சவன் கைய இரும்பப் புடிக்கிற வைஸ்ல வெச்சு முறுக்கணும். அவன் வண்டியப் போய்ப் பாரு, அதுல மட்டும் நல்ல பையாப் பொறுக்கி வெச்சிருப்பான்."

பதினைந்து நிமிடம் ஆயிற்று. ஒத்திலியா டார்ச் பிடித்தாள். எர்லிந்தா ஸ்டியரிங்கின் பின்னாலிருந்த இரண்டு போல்ட்டையும் கழற்றி மூடியைத் தூக்கினாள். கனமே இல்லாமல் ரொட்டிக் கூடை மாதிரி கையோடு வந்தது. உள்ளே பை இல்லை. மாவுச் சாக்குத் துண்டு ஒன்றைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். அதன் அடியில் மஞ்சள் இணைப்பு, அதில் ரெசிஸ்டர். டேப் வாயைப் பிளந்து தொங்கியது. டேப்புக்கு அடியில், ஒரு சுற்றுகூடத் தளராமல், மெழுகு பூசிய பச்சை நூல் இருந்தது. இரட்டை முடிச்சு.

டார்ச் வெளிச்சம் அதன் மேலேயே நின்றது. டோன் தியோதுலோவின் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. ஒத்திலியாவுக்கு அது வெறும் நூல். எர்லிந்தாவின் கையில் கட்டர் இருந்தது. ஒரு நறுக்கு நறுக்கினால் போதும், ரெசிஸ்டர் ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம் குப்பையில் விழும். நாட்டில் உள்ள அயோக்கியர்களை இன்னும் அரைமணி நேரம் திட்டிக்கொண்டிருக்கலாம்.

"யாரு வேல இது, தெரியுமா மேஸ்திரி?" என்றாள் ஒத்திலியா.

எர்லிந்தா கட்டரைக் கீழே வைத்தாள். "என் வேல."

ஃபிதென்சியோவின் முற்றத்தில் இந்தச் சாம்பல் வண்டி மூக்கு நசுங்கி வந்து நின்றது அவளுக்கு இப்போது நினைவு வந்தது. பை அடுத்த லாரியில் வருகிறது, பெயின்ட்காரனிடம் வண்டியை நகர்த்த வேண்டும், அதுவரைக்கும் இதை வை என்றார் அவர். வைத்தாள். அடுத்த லாரி வந்தது, பை எங்கே என்று கேட்டாள். அதற்கடுத்ததும் வந்தது, கேட்டாள். மூன்றாவது வந்தபோது வண்டியே முற்றத்தில் இல்லை, விற்றாகிவிட்டது. பிறகு வந்த வண்டிக்கும் அதே பேச்சு. கொஞ்ச நாளில் அவர் அந்தப் பேச்சையும் விட்டுவிட்டார், இவளும் கேட்பதை விட்டுவிட்டாள். ரெசிஸ்டர்கள் ஒரு தீப்பெட்டியில் மேசை மேலேயே இருந்தன. அப்போதைக்கு அப்போதைக்கு என்றே எத்தனை வண்டிக்கு வைத்தாள்? பதினொன்று வரை நினைவிருக்கிறது. விலகி வந்தது உண்மைதான். ஆனால் பதினோரு வண்டிக்கும் பிறகுதான் விலகினாள். ஒன்பது வருடமாக ஊருக்குச் சொல்லிவந்த பதிலில் அந்தப் பதினொன்றும் இல்லை.

இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். டோன் தியோதுலோ சங்கடத்தோடு, நான் டோட்டோனிக்கபானில் ஒரு செங்கல் வியாபாரியிடம்தானே வாங்கினேன், உங்களிடமா வாங்கினேன், விடுங்கள் மேஸ்திரி, இத்தனை வருடத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்றார்.

"ஆகலன்னா அது உங்க அதிர்ஷ்டம். என் யோக்கியதை இல்ல" என்று அவர் மேல் பாய்ந்தாள் எர்லிந்தா. மன்னிக்கிறவர்கள் மேல் வருகிற கோபம் தனி.

ஒத்திலியா மன்னிக்கிற ரகம் இல்லை. டார்ச்சை அணைத்தாள். "வந்ததுலேர்ந்து ஒவ்வொருத்தன் கையா வைஸ்ல வெச்சு முறுக்குனீங்க மேஸ்திரி. இப்போ என்ன செய்யப்போறீங்க?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. பிறகு வாசலில் நின்ற சிவப்பு பிக்கப்பைப் பார்த்தாள். "அதுல இருக்கா?"

இருந்தது. ஃபிதென்சியோவின் முற்றத்தில் பின்பக்கம் மட்டும் அடிபட்டு, பை வெடிக்காமல் வந்த ஒரே பிக்கப் அதுதான். அதனால்தான் அதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். ரெசிஸ்டர் வைத்தவன் தன் வண்டியில் மட்டும் நல்ல பையாக வைத்திருப்பான் என்று கால்மணி நேரத்துக்கு முன்பு கத்தியது யாரோ இல்லை.

எர்லிந்தா போய்த் தன் வண்டியின் பேட்டரியைக் கழற்றினாள். மறுபடி பதினைந்து நிமிடம். ரெசிஸ்டரை வைத்த கையே பையையும் உடனே வைத்துவிட வேண்டும் என்று அவசரம் பிடுங்கியது, ஆனால் உள்ளே தேங்கிய மின்சாரம் யாருடைய வெட்கத்துக்காகவும் சீக்கிரம் வடியாது. அவள் நின்றுகொண்டே காத்திருந்தாள். கோழிக் கடைப் பெண் இந்த முறை வேடிக்கை பார்க்க வரவில்லை. மூன்று கிண்ணத்தில் சோளக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். எர்லிந்தா அதைத் தொடவில்லை.

தன் வண்டியிலிருந்து பையையும் நாடாக் கேபிளையும் கழற்றி, சாம்பல் வண்டியில் பூட்டினாள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்காருகிறவருக்கான வலப்பக்கத்துப் பையையும் திறந்து காட்டினாள். அந்தப் பையை மட்டும் நிறுத்தி வைக்கத் தனியாக ஒரு சாவித் துளை உண்டு; விபத்துக்கு முன்பே யாரோ அதைச் சாவியால் அணைத்து வைத்திருந்ததால் அது வெடிக்காமல் பிழைத்திருந்தது. ஒத்திலியா பக்கத்திலிருந்து ஒவ்வொன்றையும் பார்த்தாள். தெரியாததைக் கேட்டாள், தெரிந்த பிறகும் இன்னொரு முறை காட்டச் சொன்னாள். மதியம் பேட்டரியை மாட்டியதும் எர்லிந்தா சாவியை அவள் கையில் கொடுத்தாள்.

"திருப்பு. மொதல்ல எரியும், எரியணும். எரியவே இல்லன்னா யாரோ பல்பப் புடுங்கிட்டான்னு அர்த்தம். எரிஞ்சு, ஆறு எண்றதுக்குள்ள தானா அணையணும்."

ஒத்திலியா மாதா படத்தை நகத்தால் கிளப்பி எடுத்து, கண்ணாடிக்கு மேலே ஒட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். சிவப்பு எரிந்தது. சத்தமாக எண்ணினாள். ஐந்தில் அணைந்தது. ஸ்டியரிங்கின் நடுவில் உள்ளங்கையை வைத்து ஒருமுறை ஹாரன் அடித்தாள். டயர் கடையில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். போகும்போது அவள் நன்றி சொல்லவில்லை. அது சரி என்று எர்லிந்தாவுக்குத் தோன்றியது. திருப்பிக் கொடுத்ததற்கு யார் நன்றி சொல்வார்கள்?

மறுநாள் சுவரில் நீல எழுத்துக்குக் கீழே இன்னும் இரண்டு வரி சேர்ந்தது. 'இந்தப் பக்கம் வாங்கிய பழைய பிக்கப் என்றால் கொண்டுவாருங்கள், ஸ்டியரிங்கைத் திறந்து பார்க்கிறேன். உள்ளே பச்சை நூல் இருந்தால் அது எர்லிந்தா கொயோய் செய்த தவறு.' இதைப் பார்த்துவிட்டு டோன் ஃபிதென்சியோ ஆள் அனுப்பினார். தொழிலில் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று சொல்லச் சொன்னாராம். அவர் பெயரை நான் எங்கே எழுதினேன், என் பெயரைத்தானே எழுதியிருக்கிறேன், வேண்டுமானால் அவருக்கும் பெயின்ட் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். மற்ற எலக்ட்ரீஷியன்கள் சிரித்தார்கள். பிறகு அவர்களில் ஒருவனே, வாடிக்கையாளர் வண்டியைப் பிரித்தபோது பச்சை நூலைப் பார்த்துவிட்டு, இந்த முறை அடுத்த இடத்துக்குப் போகாமல் அந்த வண்டியை இவளிடம் அனுப்பி வைத்தான். டிசம்பருக்குள் மூன்று வந்தன. முதல் வண்டியோடு சேர்த்தால் நான்கு. இன்னும் ஏழு எங்கோ மலையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. நல்ல பைகளைத் தேடி அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பழைய இரும்புக் கடைகளில் அலைகிறாள்.

கிடைக்கிற பை எல்லாம் வருகிற வண்டிகளுக்குப் போகிறது. அவளுடைய சிவப்பு பிக்கப்பில் இன்னும் பை இல்லை. சாவியைத் திருப்பினால் விளக்கு எரிகிறது, அணைவதில்லை. ஒருநாள் வண்டியை எடுக்க வந்த ஒரு லாரிக்காரன் அதைப் பார்த்துவிட்டு, சுவர் எழுத்தையும் பார்த்துவிட்டு, ஊருக்கெல்லாம் சொல்லுகிறீர்களே, உங்கள் வண்டியிலேயே எரிகிறதே என்று பல்லிளித்தான்.

எர்லிந்தாவுக்கு உச்சந்தலை சூடாகவில்லை.

"அது சரியாத்தான் எரியுது. உள்ள பை இல்ல" என்றாள்.